செம்பருத்திக்கு நான் வைத்த பிண்ணாக்கு

திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது நான் ஒரு செடியைக் கொன்றேன். பழியை ஒரு பெண்மேல் போட்டேன். செடியைக் கொன்றது தெரியாமல் செய்தது. பழியைத் தெரிந்தேதான் போட்டேன். இத்தனை வருஷம் கழித்து மலேசியாவின் ஈப்போவில் உட்கார்ந்து இதை எழுத வைத்தது எதிர்வீட்டுச் சீனக் குடும்பம்.

அந்த வீட்டில் ஒரு தாயும் வயதுவந்த மூன்று மகள்களும் இருக்கிறார்கள். வேலி முழுக்கச் செம்பருத்தி. இங்கே அதற்குப் புங்கா ராயா என்று பெயர். காலையில் யார் முதலில் எழுந்தாரோ அவர் தண்ணீர் ஊற்றுகிறார். மாதத்தில் எந்த நாளும் எவரும் விலகி நின்று நான் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் பெண்கள் அந்த மூன்று நாள் பூச்செடியைத் தொடக் கூடாது, நிழல் பட்டாலே பட்டுப்போகும் என்பார்கள். இந்தச் செடிகளுக்கு அது தெரியவில்லை. ஒருநாள் அந்த அம்மாளிடம், எனக்கு வந்த மலாயில், "உங்கள் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாத நாள் உண்டா?" என்று கேட்டேன். அவர் வானத்தைக் காட்டி, "மழை நாள்" என்றார். கிழவனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். மறுநாள் பப்பாளி கொடுத்தனுப்பினார்.

திண்டிவனத்தில் அது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். எங்கள் வக்கீலுக்கும் விழுப்புரத்தில் இருந்த அவர் சம்பந்திக்கும் சண்டையில்லாமல் பேச இருந்த ஒரே விஷயம் பூச்செடி. அதிலும் போட்டி உண்டு. சம்பந்தியின் குரோட்டன்ஸைத் தோற்கடிக்க வக்கீல் பெங்களூரிலிருந்து ஓர் அடுக்குச் செம்பருத்தியைத் தொட்டியோடு வரவழைத்தார். பொங்கலுக்குச் சம்பந்தி வருவதற்குள் அது பூக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் பெருமுக்கல்லிலிருந்து அஞ்சலை என்ற பெண் வந்துபோவாள். எங்கள் தெருவில் பல வீட்டுத் தோட்டங்களுக்கும் அவள்தான். மேற்பார்வை என்னுடையது. இங்கிலீஷில் ஒரு தோட்டப் புத்தகம் படித்திருந்ததே என் தகுதி.

பூ சீக்கிரம் வரட்டும் என்று மல்லாட்டைப் பிண்ணாக்கை, அதாவது வேர்க்கடலைப் பிண்ணாக்கை, ஊறப்போட்டுப் புளிக்கவைக்காமல், கைகொள்ளும் மட்டும் அள்ளி வேரோரம் போட்டு மண்ணால் மூடினேன். மொட்டு உதிர்ந்தது, பிறகு இலை, பிறகு உதிர ஒன்றுமில்லை. மண்ணைக் கிளறினால் கை சுட்டது. வேர் வெந்த கீரைபோல் வந்தது. பார்த்தவன் நான் மட்டும்.

வக்கீல், அஞ்சலையையும் வீட்டார் எல்லோரையும் தோட்டத்துக்கு அழைத்து, "இன்னாய்யா ஆச்சு இதுக்கு?" என்றார்.

"அஞ்சலை அந்த நாள்லயும் தொட்டுக்கினு இருந்தா போலிருக்குங்க" என்றேன்.

வக்கீலின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். குடத்தைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டுப் போனாள். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எந்த வீட்டிலும் அவளைப் பிறகு தோட்டத்துக்குள் விடவில்லை. பொங்கலுக்கு வந்த சம்பந்தி காலித் தொட்டியைச் சுற்றிப் பார்த்து, தொட்டி நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு நான் மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். அங்கே வழியெல்லாம் செம்பருத்தி. ஜப்பான்காரன் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும், என் வாசல் செடியிலிருந்து சில கொம்புகளை வெட்டி, ஈரத் தேங்காய் நாரில் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். முதலில் வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் காலமாகியிருந்தார். மனைவியிடம், "அந்த அடுக்குச் செம்பருத்தியக் கெடுத்தது நான்தாங்க. பிண்ணாக்கு போட்டேன். அஞ்சலை ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"எந்தச் செம்பருத்தி?" என்று யோசித்தார். "ஆங், அந்தத் தீட்டுக்காரியா? அதுக்கா கப்பலேறி வந்தீங்க? காபி சாப்புடுங்க."

செடியை மறந்திருந்தார்கள். பட்டம் அப்படியே இருந்தது.

வாடகை சைக்கிளில் பெருமுக்கல் போனேன். அஞ்சலை தலை நரைத்து, யாருடைய கழனியிலோ மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் நிமிராமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நீங்க சொன்னப்பவே எனக்கு அது நின்னு ரெண்டு வருசம் ஆச்சுங்க. ஆம்பளைங்க முன்னாடி அத எப்டிச் சொல்றது?"

கொம்புகளை நீட்டினேன்.

"நான் தொடமாட்டேன். பட்டுப்பூடும். மல்லாட்டைதான் நான் தொட்டா ஒண்ணும் ஆவறதில்ல" என்றாள். பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "எங்கூட்டு வேலியோரம் நீங்களே நட்டு நீங்களே ஊத்துங்க, குமாஸ்தா அய்யா."

லீவு முடியும்வரை தினமும் சைக்கிளில் போய் ஊற்றினேன். அவள் வாசலில் உட்கார்ந்து, "அந்தாண்ட ஊத்துங்க" என்பாள். மற்ற கொம்பெல்லாம் கருகி, ஒன்று மட்டும் துளிர்த்தது. கடைசி நாள், "இனிமே யாரு ஊத்துவாங்க?" என்று கேட்டேன்.

"அது என் பாடு. பட்டுப்போனா வாத்தியார வுட்டுக் கடுதாசி போடச் சொல்றேன். தழைச்சா போடமாட்டேன். ஜல்தியா கெளம்புங்க, ரயிலு போயிடும்."

கடிதம் வரவில்லை. அவள் இன்னும் இருக்க வாய்ப்பில்லை என்று என் வயதை வைத்தே கணக்குப் போட முடியும். கணக்குப் போடுவதில்லை. அந்தக் கொம்புகளை வெட்டிய தாய்ச்செடியின் கிளை ஒன்று இந்த ஈப்போ வீட்டு வாசலில் நிற்கிறது. தினமும் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது கையில் குவளையோடு காத்திருக்கிறேன். அவர் நிற்காமல் தாண்டிப் போனதும், பெருமுக்கல் செடி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இதற்கு ஊற்றுகிறேன்.