செல்வாம்பாளின் நாப்பத்து மூணு நாற்காலி

எங்க அண்ணி செல்வாம்பாளுக்குக் கோவம் வந்தா லாஸ்பேட்டை பூரா கேக்கும். எனக்கு வந்தா இப்படி உக்காந்து எழுதிடுவேன். நான் பூர்ணிமா, அவங்க புருஷனோட தங்கச்சி. மாடியில குடியிருக்கேன், எல்லாத்தையும் கண்ணால பாத்தவ.

அண்ணி ஒரு கவர்மெண்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தாங்க. இருபது வருஷத்துக்கு முன்ன அங்க ஸ்டீல் நாற்காலி வந்ததும் பழசையெல்லாம் மழையில தூக்கிப் போட்டுட்டானுங்க. பிரெஞ்சுக்காரன் காலத்துல கப்பல்ல வந்த நாற்காலிங்க அதெல்லாம். மரத்த ஆவியில வேகவச்சு வளைச்சது, முதுகுலேருந்து பின்னங்கால் வரைக்கும் ஒரே கட்டை. உக்கார்ற இடத்துல பிரம்புப் பின்னல். படிச்ச ஆபீசருங்க அத நனையவிட்டுட்டு உள்ள டீ குடிச்சிட்டிருந்தானுங்கன்னு அண்ணி இன்னிக்கும் பல்லக் கடிப்பாங்க. எழுதிக் குடுத்து நாலு நாற்காலிய வாங்கி தட்டுவண்டியில ஏத்திட்டு வந்தாங்க.

அப்புறம் விடவே இல்ல. மூடின சினிமா கொட்டாய், கன்னியாஸ்திரி மடம், பத்திரம் பதியிற பழைய நொத்தேர் ஒருத்தர் வீட்டுப் பரண்னு எங்க கெடந்தாலும் போய்க் கேட்டு, கெஞ்சி, சண்டை போட்டு நாப்பத்து மூணு சேத்துட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் அடியில எங்கேருந்து வந்ததுன்னு சீட்டு ஒட்டியிருக்கும்.

ஆனா பூட்டி வைக்கிற ஆளில்ல. தெருவுல நிச்சயதார்த்தம், காதுகுத்து, சாவு எதுன்னாலும் நாற்காலி போயிடும். ஈரத்துணியால துடைச்சுக் குடு, தண்ணி மட்டும் ஊத்தாதன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாங்க, அவ்வளவுதான்.

அண்ணிக்கு இப்ப அறுபத்து மூணு வயசு, முட்டி வேற போயிடுச்சு. மகன் விஜய் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான், உனக்கப்புறம் இதெல்லாம் ஒரு ஓட்டலுக்குத் தள்ளிடுவேன்னு. அன்னிக்கு அண்ணி சாப்பிடல. ஊரு சொத்து செதறிடக் கூடாதுன்னு ஒரு பாரம்பரியக் கமிட்டிக்கு மூணு வருஷமா லெட்டர் மேல லெட்டர் போட்டாங்க. கடைசியா பதில் வந்துச்சு. பீச் பக்கம் பழைய பங்களாவுல ஒரு ரூம் தரோம், அத்தனையும் ஒண்ணா இருக்கும், வெள்ளிக்கிழமை வந்து பாக்குறோம்னு எழுதியிருந்தாங்க.

செவ்வாக்கிழமை எதிர் வீட்டு கண்ணையன் செத்துப்போனாரு. பன்னண்டு நாற்காலி போச்சு. சாவு வீட்ல போய் தண்ணி ஊத்தாதன்னு சொல்ல முடியுமா? எப்பவும் சொல்ற அந்த வார்த்தைய அண்ணி அன்னிக்கு மட்டும் சொல்லல.

பொணம் எடுத்ததும் வீடு கழுவுறது வழக்கம். கண்ணையன் மருமக சுடர்விழி நல்ல பொண்ணு, அதான் வம்பே. தீட்டோட அடுத்தவங்க பொருளத் திருப்பித் தரக் கூடாதுன்னு பன்னண்டையும் சோப்பு போட்டு, டியூப்ல தண்ணி அடிச்சு, மே மாச வெயில்ல வரிசையா காயவச்சிட்டா. திரும்பி வந்தப்ப அரக்கு பாலிஷ் வெளுத்து, பிரம்பு படபடன்னு விட்டுப்போயிருந்துச்சு. ரெண்டு நாற்காலிக்கு வளைவுலயே விரிசல். அதுலேருந்து அண்ணி அந்த வீட்டுப் பக்கம் திரும்பல. அறிவு கெட்ட கழுதன்னு திட்டினது எதிர் வீட்டுக்கு நல்லாவே கேட்டுச்சு.

வெள்ளிக்கிழமை கமிட்டிலேருந்து அன்பழகன்னு ஒருத்தர் வந்தாரு. கூட ரெண்டு பேரு. பன்னண்டையும் பாத்து மூஞ்சியச் சுளிச்சாரு. இது வேணாம், மத்தது எடுத்துக்குறோம், ஆனா இனிமே யாரும் உக்காரக் கூடாது, சுத்திக் கயிறு கட்டிடுவோம், கையெழுத்து போடுங்கன்னாரு. அதோட விட்டாரா? தெரு ஜனங்கள இதுல உக்கார விட்டதே தப்புன்னாரு. சுடர்விழி வாசல்ல நின்னுட்டிருந்தா, மன்னிப்பு கேக்க வந்தவ. அவளப் பாத்துக்கிட்டே சொன்னாரு அந்த ஆளு.

"அந்த வீட்ல பன்னண்டு பேரு இதுல உக்காந்துதான் சார் அழுதாங்க. உங்க ரூம்ல யாரு உக்காருவாங்க?"ன்னு அண்ணி கேட்டாங்க.

பாரம்பரியம் எல்லாருக்கும் சொந்தம், அதனாலதான் பாதுகாக்கணும்னு அவரு இழுத்தாரு. சொந்தக்காரங்கள வெளிய நிக்க வச்சுட்டு யாருக்குய்யா பாதுகாக்குறீங்கன்னு சொல்லிட்டு அண்ணி வாசல் கேட்டத் திறந்து விட்டாங்க. மூணு வருஷ லெட்டரும் வீணாப் போச்சேன்னு நானும் அண்ணியக் கண்டபடி பேசிட்டேன். அவங்க தெருவுல எத்தன வீடுன்னு விரல் விட்டு எண்ணிட்டிருந்தாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில வீடு வீடா நாற்காலி போச்சு. வீட்டுக்கு ஒண்ணு. விக்கக் கூடாது, தெருவுல நல்லது கெட்டதுன்னா நாப்பத்து மூணும் ஒரே எடத்துல சேரணும்னு எழுதி ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. மொதல்ல போனது எதிர் வீட்டுக்கு, இருக்கறதுலயே பெரிய விரிசல் விட்டது.

"நீ கெடுத்தத நீயே வச்சுக்கோடி. தினம் பாரு. இன்னொரு சொட்டு தண்ணி பட்டுச்சு, கைய ஒடிச்சிடுவேன்."

சுடர்விழி அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதா. அண்ணி திரும்பிப் பாக்காம அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

சாயங்காலம் விஜய் வந்தான். காலிக் கூடத்தப் பாத்ததும் குதிக்க ஆரம்பிச்சான். இத்தன வருஷமா இந்த மரக்கட்டைங்களோட இடிபட்டுப் பொழங்கினதுக்கு எனக்குன்னு என்னம்மா வச்சிருக்கன்னு கேட்டான்.

"நாப்பத்து மூணு வீடு இருக்கு. எவன் வீட்லயாவது போய் உக்காரு"ன்னாங்க அண்ணி.