பிரிக்காத பேட்டரி

தெருவில் 'கவர் சார்' என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதை வாங்கினாலும் அதன்மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்க மாட்டார். சோபாவில் உட்கார்ந்தால் சரசரக்கும். ஐந்து வருடமாக ஓடும் காரின் சீட்டுகளில் கடை உறை இன்னும் பளபளக்கிறது. பிரித்தால் பழசாகிவிடுமாம்!

அன்று காலை அவர் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். போன தடவை, கீறல் விழும் என்று இவர் காரைத் தராததால் தேதி வீணாய்ப் போனது. இந்தத் தடவையும் விட்டால் பழகுநர் உரிமம் காலாவதியாகிவிடும். மறுபடியும் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும்.

பார்த்தால், காரின் ரிமோட் வேலை செய்யவில்லை. தலைக்கு மேல் தூக்கி அழுத்தினார். கண்ணாடியில் ஒட்டி வைத்து அழுத்தினார். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி அழுத்தினார். கார் கப்சிப்.

"சாவியப் போட்டுத் திறங்களேன்," என்றாள் மனைவி.

சாவித் துளையில் தூசி போகக் கூடாதென்று டேப் ஒட்டியிருந்தார். அதன் பசை உள்ளே இறங்கி இறுகிக் கிடந்தது. சாவி நுழைவேனா என்றது.

"இன்னொரு ரிமோட் இருக்குமே?"

"அது பெட்டியே பிரிக்கல."

மனசே இல்லாமல் பிரித்தார். ஒரு நாள்கூட உழைக்காமலே அதன் பேட்டரி உயிரை விட்டிருந்தது. முக்குக் கடைக்கு ஓடிப் புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினார். ஊஹூம்.

"வண்டியிலதான் கோளாறு. மெக்கானிக் வரட்டும். டெஸ்ட்ட இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. கார் தப்பித்தது! வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

"குடுங்க இங்க." மனைவி ரிமோட்டைப் பிடுங்கி, நகத்தால் மூடியை நெம்பினாள். பேட்டரியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மினுக்கியது.

"இத ஏங்க உரிக்கல?"

"புதுசாச்சே..."

"அட ராமா!"

உரித்து மாட்டி அழுத்தினாள். கார் 'பீப்' என்றது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்ததும் உறை வழுக்கியது. ஒரே இழுப்பில் கிழித்து, பக்கத்து சீட்டில் ஏறிய அவர் மடியில் போட்டாள். கவர் சார் அதைச் சுருக்கமில்லாமல் மடிக்கத் தொடங்கினார். வாயைத் திறந்தால் நடுவழியில் இறக்கிவிடுவாள் என்று தெரியும்.

மத்தியானம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வெளியே வந்தவளின் கையில் உரிமம் இருந்தது. தேறிவிட்டாள். அவருக்கு நிஜமாகவே பெருமை தாங்கவில்லை. அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து புத்தம்புது உறை ஒன்றை எடுத்தார்.

"குடும்மா, போட்டுத் தரேன். அழுக்குப்படாம அப்படியே பீரோல வச்சிக்கலாம்."

"வேணாங்க. இது தினமும் புழங்குறதுக்கு."

உரிமத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். ரிமோட்டும் அவள் கையில்தான் இருந்தது.