டில்லிபாபு திறந்துவிட்ட பதினான்கு சிலிண்டர்கள்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து டில்லிபாபு பதினெட்டு வருடமாகக் கப்பல்களுக்கு அடியில் வேலை செய்தவன். காசிமேட்டில் நிற்கும் படகானாலும் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பலானாலும், அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத கறுப்புத் தண்ணீரில் தடவித் தடவியே வேலையை முடித்துவிடுவான். கோபக்காரன். யாரிடமும் குழைந்து பேசத் தெரியாது.

போன டிசம்பரில் சுப்பராயன் அவனை வேலைக்கு எடுத்தார். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு வைத்திருப்பவர். சொந்தமாக ஒரு பாய்மர உல்லாசப் படகு வாங்கியிருந்தார். அந்தமானில் ஒரு தீவோரம் மூன்று மாதம் குடும்பத்தோடு தங்கி, கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறை பார்ப்பது அவர் திட்டம். படகின் அடியைச் சுத்தமாக வைத்திருப்பதும், டைவிங் சிலிண்டர்களில் கம்ப்ரஸரால் காற்று நிரப்புவதும் டில்லிபாபுவின் வேலை. சமையலுக்குக் கல்மண்டபத்திலிருந்து சிலுவையம்மாள் வந்தாள். கேப்டன் பெயர் ஜெயவேல்.

ஜெயவேலுக்கும் டில்லிபாபுவுக்கும் முதல் நாளே ஆகவில்லை.

"நீ பேசுறது என்ன பாஷைடா? விருந்தாளிங்க முன்னாடி வாயைத் திறக்காதே" என்றான் ஜெயவேல். சாப்பாட்டையும் டில்லிபாபு படகின் பின்பக்கம், கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றான்.

டில்லிபாபு சும்மா இருக்கவில்லை. கேப்டனின் வெள்ளைச் சட்டைகளைத் துவைக்கக் கொடுத்தபோது உப்புத் தண்ணீரிலேயே அலசிக் காயப்போட்டான். ஜெயவேல் நாளெல்லாம் கழுத்தைச் சொறிந்துகொண்டு திரிந்தான். விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் டீ கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். அந்தமான் போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தீவோரக் கடலில் நாற்பதடி ஆழத்திலும் தரை தெரிந்தது. தன் கைகள் வேலை செய்வதைத் தண்ணீருக்குள் டில்லிபாபு அங்கேதான் முதல்முறை பார்த்தான். ஆனால் மேலே ஏறியதும் ஜெயவேலின் முகம் காத்திருக்கும் என்ற நினைப்பே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆறாவது வாரம் அது நடந்தது. கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுக்கும் ரப்பர் குழாயை டில்லிபாபு பாய்மரத்தில் உயரக் கட்டியிருந்தான். பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டரின் புகை அதற்குள் போய்விடக் கூடாது. போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று ஜெயவேல் குழாயைக் கழற்றிக் கீழே போட்டான். டில்லிபாபு படகுக்கு அடியில் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில் சிலிண்டர்களையும் அவனே நிரப்பி வைத்தான்.

மறுநாள் காலை டில்லிபாபு ஒரு சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து மோந்து பார்த்தான். டீசல் வாடை. அவனோடு வேலை பார்த்த தண்டையார்பேட்டை வசீம் இப்படித்தான் போனான். ஜெனரேட்டர் புகை கலந்த காற்றைத் தண்ணீருக்கடியில் சுவாசித்தவனை மேலே இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை.

"கேப்டன், காத்துல டீசல் நாத்தம் அடிக்குது. இத்த மாட்டிகினு யாரும் எறங்கக் கூடாது."

"சாக்கடையில முங்குறவனுக்கு நாத்தம் தெரியுதோ? எடுத்து வைடா."

சத்தம் கேட்டுச் சுப்பராயன் வந்தார்.

"சார், எம்மேல காண்டு இருந்தா வச்சிக்கோ. இந்தக் காத்து கெட்டுக் கீது. நீயே மோந்து பாரு" என்றான் டில்லிபாபு.

அவர் குனியவில்லை. "அவர் பத்தொன்பது வருஷம் கப்பல்ல இருந்தவர். நீ சொல்லி நான் கேக்கணுமா?"

டில்லிபாபு சிலிண்டர்களிடம் போனான். ஒவ்வொரு சிலிண்டராகத் திருகித் திறந்தான். பதினான்கும் சீறின. ஜெயவேல் ஓடிவந்து அவன் கழுத்தைப் பிடித்தான். டில்லிபாபு முழங்கையால் இடித்ததில் கேப்டனின் உதடு கிழிந்தது. அரைமணி நேரத்தில் அவனையும் அவன் பையையும் சிறு படகில் ஏற்றித் தீவு மணலில் இறக்கிவிட்டார்கள்.

அன்று மாலை ஜெயவேல் குழாயை மேலே கட்டாமல் அதே மாதிரி மறுபடி நிரப்பினான். மறுநாள் இறங்கிய சுப்பராயனின் மருமகன் தண்ணீருக்கடியில் மயங்கினான். தூக்கிக்கொண்டு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான்.

வேலைக்காரன் ஆத்திரத்தில் கம்ப்ரஸரில் என்னவோ செய்துவிட்டான் என்று ஜெயவேல் போலீசில் சொன்னான். சுப்பராயன் மறுக்கவில்லை. தீவின் படகுத்துறை டீக்கடையில் ஊர் திரும்பக் காத்திருந்த டில்லிபாபுவைப் பிடித்துப்போய்ப் போர்ட் பிளேர் ஸ்டேஷனில் இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள், ரத்தத்தில் புகை வாயு கலந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. அன்றுதான் சிலுவையம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தாள். போகக் கூடாது என்று ஜெயவேல் மிரட்டியும் வந்திருந்தாள்.

"நான் தோசை சுட்டுகினு இருந்தேன் சார். குழாய அவுத்துப் போட்டது கேப்டன்தான். நாத்தம் அடிக்குதுன்னு இவன் கத்துனத மொதலாளியும் கேட்டாரு. அவரையே கேளு."

அங்கே உட்கார்ந்திருந்த சுப்பராயன் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். டில்லிபாபுவை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் டில்லிபாபுவிடம், "ஜெயவேலை அனுப்பிட்டேன். இன்னும் ஆறு வாரம் இருக்கு, வந்துடு" என்றார்.

"ரெண்டு நாளு என்னய குந்த வச்சாங்களே, அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"அதான் இப்ப வந்து கூப்பிடுறேனே."

"கூப்ட்டா ஆச்சா? தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு."

"நீ ரொம்பப் பேசுற."

"அப்போ போ. உன் படகாண்ட என் நெழலு கூட வராது."

அவனும் சிலுவையம்மாளும் பயணிகள் கப்பலில் சென்னைக்குத் திரும்பினார்கள். மறுவாரமே டில்லிபாபு காசிமேட்டில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். தீவு எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், "தண்ணி சூப்பரா கீது. ஆளுங்கதான் கலீஜு" என்றான்.

ஜெயவேல் இப்போது வேறொருவரின் படகை ஓட்டுகிறான். சென்ற மாதம் மீன்பிடித் துறைமுக வாசலில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். இரண்டு பேருமே ஒதுங்கவில்லை. தோளோடு தோள் மோதியது. ஜெயவேலின் கையிலிருந்த ஃபைல் சேற்றில் விழுந்தது. டில்லிபாபு அதைத் தாண்டி நடந்து போனான்.