செல்லி வீட்டுக் கதவு

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் பஸ்ஸுக்காக நிற்கிறேன்; இங்கே ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர். தூறல் விழுகிறது. நிறுத்தத்துக்கு எதிர்வீட்டுச் செல்லி உள்ளே கூப்பிடுகிறாள். நாளை அவளுக்குக் கல்யாணம். தேவனூர் நாட்டுக்குப் போய்விடுவாள். நான் அச்சகத்துக்காரன் என்றதும், கூடவே கொண்டுபோகத் தன் வீட்டைப் படமாக அடித்துத் தரச் சொல்கிறாள்.

பையில் மையும் பசையும் தாளும் இருக்கின்றன. பிஸ்கட் பெட்டி அட்டையில் வீட்டை ஒட்டுகிறேன். சுவருக்கு மணல், கதவுக்குச் சாக்குத் துண்டு, கூரைக்கு அவள் கூரையிலிருந்தே உருவிய புல். அடுப்போரம் காய வைக்கிறாள். மை தடவி, நனைத்த தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்து உரிக்கிறேன். தாளில் புல் புல்லாகக் கூரை பதிந்திருக்கிறது.

"ஏனுங்க, எங்கூட்டுக் கதவு சோத்தாங்கைப் பக்கமல்லங்க இருக்குது?"

படத்தில் இடது பக்கம் இருக்கிறது. அச்சில் நேராக விழ, இருபது வருஷமாக எழுத்தைத் திருப்பிக் கோக்கிறவன் நான். வீட்டைத் திருப்பி ஒட்டத் தோன்றவில்லை.

"வேற போட்டுத் தரேன், கண்ணு."

"பஸ்ஸு வந்துருச்சுங்களே."

அட்டையும் ஊறிப்போய்க் கூரை பெயர்ந்து கிடக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் தாளைப் புரட்டுகிறாள். பின்பக்கம் மை லேசாகத் தெரிகிறது. கதவு வலது பக்கம். புல் அழுந்திய இடம் மேடாக இருக்கிறது. விரலால் தடவுகிறாள்.

"மை இருக்கற பக்கத்த மாமியா ஊட்டுல காட்டிக்கறேன். அவங்களுக்குக் கதவு எந்தப் பக்கமிருந்தா என்னங்க? இந்தப் பக்கம் எனக்கு."