பெயிண்ட் டப்பாவில் ஏழு முள்செடிகள்

சோறு பிசையும்போது சுருக்கென்னும், துப்பட்டாவை இழுக்கும்போது சுருக்கென்னும், விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சப்பாத்திக்கள்ளியின் பொடிமுள் அப்படித்தான் உயிரை வாங்கும். பன்னிரண்டு வயதில் அதைப் பல்லால் கடித்து எடுக்கப் பார்த்து, உதடெல்லாம் முள் ஏறி, இரண்டு நாள் வெறும் கஞ்சி குடித்தேன்.

தாராவியில் கீழே வாப்பாவின் தோல்பைப் பட்டறை, மேலே நாங்கள், அதற்கும் மேலே "பத்ரா" என்று நாங்கள் சொல்லும் தகரக் கூரை. திலக் நகரில் வீட்டைக் காலி செய்துபோன யாரோ வேண்டாமென்று விட்ட ஏழு முள்செடிகளை, பை கொடுக்கப் போன வாப்பா டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் அவற்றைப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் நட்டுக் கூரையில் வைத்தேன். தோல் துண்டை வார்போல மடித்துச் செடியின் இடுப்பில் சுற்றித் தூக்கினால் கையில் முள் ஏறாது. ஏறிய பெரிய முள்ளைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, பொடிமுள் உள்ள இடத்தைத் தேய்க்காமல், பட்டறையில் அட்டை ஒட்டும் வெள்ளைக் கோந்தைப் பூசிக் காயவிட்டு உரித்தால் முள்ளும் கூடவே வந்துவிடும். எல்லாம் குத்துப்பட்டு நானே கற்றது, அதனால் எனக்குத் திமிரும் அதிகம்.

அந்த மழைக்காலத்தில் நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் பார்க்க வந்த பெரியும்மா, மழையில் அழுகாமலிருக்க நான் வீட்டுக்குள் இறக்கி வைத்திருந்த டப்பாக்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, பச்சப்புள்ள இருக்க வீட்டுல கள்ளியவா வளக்க? முள்ளு வளர்ற வீட்டுல சண்டதான் வளரும். எல்லாத்தையும் தூக்கி கட்டர்ல போடு!"

கட்டர் என்றால் எங்கள் பக்கம் சாக்கடை. சண்டை போட எங்கள் வீட்டில் செடி எதுவும் தேவைப்பட்டதில்லை. ஆனால் ஊரில் கள்ளிப்பால் கண்ணில் தெறித்து ஒரு பிள்ளைக்குப் பார்வை போனதை நேரில் கண்டவர் அவர். அந்தப் பயம் பொய்யில்லை. முள் இருந்தால் எல்லாமே பால்கள்ளி என்று அவர் முடிவு கட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உம்மாவோ அதற்குள் முதல் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"கள்ளின்னா பால் வடியும், பெரியும்மா. குத்திப் பாப்போம். பால் வந்தா நானே கொண்டு போட்டுருதேன்" என்று பட்டறைக்கு ஓடிக் குத்தூசியோடு வந்தேன்.

சப்பாத்திக்கள்ளி உட்பட ஆறு செடிகளில் தண்ணீர்தான் கசிந்தது. ஏழாவது மூன்று பட்டையாக நெட்டுக்குத்தலாக நின்றது, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. குத்திய இடத்தில் வெள்ளைவெளேரென்று பால் திரண்டது.

"பாத்தியாட்டி?" என்றார் பெரியும்மா.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்க வேண்டும். "போடமாட்டேன்" என்றேன். வாய்க்கொழுப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. "கீழ கத்தி கெடக்கு, ஊசி கெடக்கு, தோல் ஒட்டுத சொல்யூஷன் டப்பா கெடக்கு. அதையெல்லாம் கட்டர்லயா போட்டோம்? புள்ளைக்கு எட்டாமத்தான வச்சிருக்கோம்?"

உம்மா கையை ஓங்கிவிட்டார். பிள்ளையை மடியில் வைத்திருந்த ராத்தாதான் தடுத்தாள்.

"உம்மா, விடுங்க. எம்புள்ளைக்குத்தானே எல்லாரும் பயப்படுதீங்க? நான் சொல்லுதேன், இருக்கட்டும். ஏட்டி, அத மட்டும் ஒசக்க ஏத்தி வை. பால் பட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவாம எம்புள்ளயத் தொட்டேன்னு வையி, ஒன்னையும் செடியையும் சேத்து கட்டர்ல தள்ளிருவேன்."

ஏழும் தங்கின. பெரியும்மா டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இன்று அந்தத் தகரக் கூரை இல்லை, பட்டறை இல்லை, பெரியும்மாவும் இல்லை. அதே இடத்தில் எழும்பிய கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், ஜன்னல் கம்பிக்கு உள்பக்கம், முள்செடிகளாகவே நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன். வாஸ்துவுக்கு ஆகாது, முள்செடிகளை உடனே அகற்றவும் என்று போன வாரம் எங்கள் சொசைட்டி செக்ரட்டரி நோட்டீஸோடு வந்து நின்றார். இதில் எதில் பால் வரும், எதில் வராது என்று இந்தியில் கேட்டேன். "சப் ஏக் ஹி ஹை, ஆண்ட்டி" என்றார், எல்லாம் ஒன்றுதானாம். பெரியும்மாவாவது ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பயந்தவர். நான் நோட்டீஸை வாங்கி, "படித்தேன், ஒன்றையும் எடுக்கமாட்டேன்" என்று அதன் பின்பக்கத்தில் தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தேன். தமிழ் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்ளட்டும்.