ஏகாம்பரம் விழவிடாத செயற்கைக்கோள்

எங்கள் வார இதழின் வரலாற்றில் முக்கியமான முடிவொன்று சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலையில் எடுக்கப்பட்டது. ஆறு பேர் கூடி, இரண்டு சுற்றுத் தேநீருக்குப் பின், தொடர்கதையில் வரும் செயற்கைக்கோள் அடுத்த செவ்வாய்க்கிழமை ஜவ்வாது மலைமேல் விழும் என்று தீர்மானித்தோம். பதினொரு வாரங்களாக அது பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. தீர்மானத்தைக் கதாசிரியருக்குத் தெரிவிக்கும் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது போளூரிலிருந்து தந்தி வந்தது. கதாசிரியர் ஏகாம்பரம் அவர்கள் மாரடைப்பால் காலமாகிவிட்டார்.

அவர் கண்ணமங்கலத்துக்காரர். அதே ஜவ்வாது மலையில் கிளை அஞ்சலகத்தை நடத்திவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய முதல் கதை எங்களுக்கு வந்தது. ஒரு தபால்தலை உதிர்ந்தால் என்ன ஆவது என்று உறையில் கூடுதலாக இரண்டு ஒட்டியிருந்தார். கதையில் செவ்வாய்க் கோளுக்குக் கிளம்பியவர்கள், அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். அதன்பின் எழுதிய எந்தக் கதையிலும் அவர் ஒரு ராக்கெட்டைக்கூட வெடிக்கவிட்டதில்லை. காரணம் கேட்டேன். “இன்னா சார் பண்றது, உள்ள ஆளுங்க இருக்குறாங்களே” என்றார்.

சனிக்கிழமைதோறும் இதழ் மலைக்குப் போகும். அஞ்சலக வாசலில் ஊர் கூடும். செய்தி, விளம்பரம், தம்முடைய கதை எல்லாவற்றையும் ஒரே குரலில் அவர் படித்துக் காட்டுவார். போன ஆண்டு அமெரிக்க விண்கலம் விழப்போகிற செய்தியையும் அப்படித்தான் படித்தார். அது விழுந்தது.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அவரைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். ஊர் நாட்டாமை சடையன் வாசலில் நின்றிருந்தார்.

“இன்னாங்க போஸ்ட்மாஸ்டரு, எந்தக் கெழமைங்க வுழுது?”

“அது கதைங்க. நானே கட்டுனது.”

“போன வருசம் வுழுந்ததையும் நீங்கதான படிச்சீங்க?”

“அது சேதி.”

“ரெண்டும் ஒரே பொஸ்தகத்துலதான வந்துச்சி? நாள மட்டும் சொல்லுங்க. எரியறதுக்கு முன்ன சாமைய அறுத்து வூட்டுல போட்டுக்கறோம்.”

அவர் போனதும் ஏகாம்பரம் அவர்கள் என் பக்கம் திரும்பினார்.

“கதிரு இன்னும் பால்லதான் கீது சார். இப்ப அறுத்தா பதருதான். வருசத்துச் சோறும் போச்சி, வெதையும் போச்சி. அதான் நாளு எழுதாம சுத்த வுட்டுகினு இருக்கறேன். இன்னும் ஒரு மாசம் தாங்கணும்.”

“கதையை நிறுத்திவிடலாமே?”

“நிறுத்துனா, சொல்லாம வுழப்போவுதுன்னு நாளைக்கே அறுத்துடுவாங்க.”

இதை அந்தப் புதன்கிழமைக் கூட்டத்திலும் நான் சொன்னேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் கவனமாகக் கேட்டார். பிறகு, “சாமை நமக்குச் சந்தா கட்டுதாய்யா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இறுதிச் சடங்கு கண்ணமங்கலத்தில் நடந்தது. மலையிலிருந்து முப்பது பேர் நடந்தும் பஸ் பிடித்தும் வந்திருந்தார்கள். பாடையைச் சுமந்தபோது தலைகுனிந்தே நடந்தவர்கள், அதை இறக்கி வைத்ததும் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சடையன் என்னிடம் வந்து, “மிச்சத்த யாரு சார் சொல்றது?” என்று கேட்டார்.

“நான்தான் எழுதுகிறேன்” என்றேன். சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

கூட்டத்தின் தீர்மானப்படி அன்றே எழுதி முடித்தேன். அவருடைய நடை பிசகாமல் வந்திருப்பதாக நண்பர்கள் பாராட்டினார்கள். ஏகாம்பரம் அவர்களே, நீங்கள் கட்டிய வாகனங்களில் ஏறிய எவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. உங்கள் பயணமும் அப்படியே அமையட்டும்.

இதழ் சனிக்கிழமை மலைக்குப் போனது. அவருக்குப் பதிலாகத் தபால்காரர் படித்துக் காட்டினார். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளில் ஊரார் சாமையை அறுத்து முடித்தார்கள்.