லோகா அக்கா அறுத்த நூல்

திங்கட்கிழமை காலை, தட்டச்சு இயந்திரத்தின் உறையைக்கூட நான் எடுக்கவில்லை. தலைமையாசிரியர் இரங்கல் அறிவிப்பு அடிக்கச் சொல்லி ஒரு தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நம் பள்ளி இயற்பியல் ஆய்வக உதவியாளர் லோகநாயகி காலமானார். கூடவே, 'கீழ்ப்படிதல் மிக்கவர்' என்று ஒரு வரி. லோகா அக்காவா? கீழ்ப்படிதலா? அவரை அறிந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள்!

நிலை அலைச் சோதனைக்கு அலுவலகம் வாங்கித் தந்தது பொட்டலம் கட்டும் முறுக்கு நூல். ஒரு முனையை அதிரும் இசைக்கவையில் கட்டி, மறுமுனையில் எடைத்தட்டைத் தொங்கவிட்டால், முறுக்குப் பிரிந்து தட்டு பம்பரமாகச் சுழலும். அசையாமல் நிற்க வேண்டிய கணுக்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். மாணவர்கள் எதை அளப்பது?

அக்கா வேறு நூல் தேடினார். திருநின்றவூர் ஏரியில் மீன் பிடிப்பவரிடம் வாங்கிய தங்கூஸ் என்ற நைலான் தூண்டில் நரம்பு, எடை ஏற ஏற நீண்டது. "இன்னா நைனா இது, ரப்பராட்டம் இழுத்துகினே போவுது!" என்று அதை என் மேஜையில் வீசினார். பிறகு, ஆசிரியர் குவார்ட்டர்ஸ் சுவர் எழுப்பிய கொத்தனாரிடம் மட்டம் பிடிக்கும் பின்னல் நூலைக் கேட்டார்.

"ஊடு கட்டப் போறியா யக்கா?"

"உன் சொவுரு நேரா நிக்கிதுல்ல அண்ணாத்தே? எங்க பசங்க மார்க்கும் நிக்கட்டும், குடு."

அந்த நூலில் தட்டு சுழலவில்லை. நூல் நீளவும் இல்லை. ஆனால் இருப்புப் பதிவேட்டில் இல்லாத நூலைத் தொடக்கூடாது என்றார் தலைமையாசிரியர்.

செய்முறைத் தேர்வில் முறுக்கு நூலே கட்டப்பட்டது. ஒரு மாணவி மூன்று முறை அளந்தாள், மூன்று விடைகள். தேர்வாளர் பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்தார். அக்கா பிளேடை எடுத்து நூலை அறுத்தார். தட்டு விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

"தப்பு பொண்ணு மேல இல்ல சார், நூலு மேல கீது."

"மெமோ வரும்!" என்று கத்தினார் என் பின்னாலேயே வந்த தலைமையாசிரியர்.

"வரட்டும் சார். மொதல்ல கணு வரட்டும்."

முந்தானையில் முடிந்திருந்த கொத்தனார் நூலைக் கட்டினார். நூல் நான்கு கண்ணிகளாக அதிர, இடையே கணுக்கள் அசையாமல் நின்றன! தேர்வாளர் தானே அளந்து பார்த்தார். மாணவிக்கு மதிப்பெண் போட்டார்.

மெமோ வந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். இன்றும் விரல் கூசுகிறது.

அதனால் இந்த முறை 'கீழ்ப்படிதல் மிக்கவர்' என்ற வரியைத் தட்டச்சு செய்யவில்லை. 'மாணவர்களுக்காக நூலை அறுத்தவர்' என்று அடித்தேன். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "உனக்கும் மெமோ வேணுமா?" என்றார்.

அக்காவுடையதாக என்னிடம் இருப்பவை ஒரு முழக் கொத்தனார் நூலும் இரண்டு சொற்களும். நூலை அறிவிப்புப் பலகையில், அவர் பெயருக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். சொற்களைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன்:

"வரட்டும் சார்."